மாதிரி வலைவழங்கி

கன்றை இழந்த கறவை பால் சுரவாது நிற்குமாயின், இறந்த கன்றின் தோலினுள் வைக்கோலைத் திணித்து அதன் முன்னர் நிறுத்திக் கறத்தல் நம் நாட்டு உழவரின் பழைய வழக்கம். பசு அத் தோற்கன்றை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். கன்று மெய்யன்று, பாலோ மெய்யே. பொய்ப்பொருள் ஒன்று மெய்ப்பயனை விளைத்தற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. கணிப்பொறி வல்லார் ‘மாக் சர்வர்’ என வழங்குவதும், இக்கட்டுரையில் மாதிரி வலைவழங்கி என நாம் குறிப்பதும், இத் தோற்கன்றை ஒத்ததொரு கருவியேயாம். அதனை ஒவ்வொரு மாணாக்கரும் தம் கணிப்பொறியின் கட்டளைத்திரையிலிருந்தே தாமே எழுதி இயக்கக் கற்றல் வேண்டும் என்பதும், அக்கல்வி பெருநகரத்தாரினும் கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் போன்ற இடங்களில் வாழ்வார்க்கு மிகவும் இன்றியமையாதது என்பதும் ஈண்டு நாம் எடுத்துரைக்கப் புகுந்த கருத்துக்களாம்.

முதற்கண், வலைவழங்கி என்பது யாது என ஆராய்வோம். அப்பெயரைக் கேட்ட அளவில், குளிரூட்டப்பட்ட மாளிகையொன்றில் வரிசை வரிசையாக நிற்கும் பெரும்பொறிகளே மாணாக்கர் மனத்தில் தோன்றுகின்றன. அஃது முற்றும் பொருந்துவதன்று. வலைவழங்கி என்பது உண்மையில் ஒரு செயல்நிரல். எந்தச் சிறு கணிப்பொறியிலும் ஓடத்தக்க கட்டளைத் தொகுதி. அதன் தொழில் இரண்டே. கேட்போர் வருவரோ எனக் காத்திருத்தல் ஒன்று. வந்து கேட்டார்க்கு விடையளித்தல் மற்றொன்று. செர்ன் என்னும் ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989-ஆம் ஆண்டில் தம் திட்டத்தை எழுதி, 1990-ஆம் ஆண்டின் இறுதியில் உலகின் முதல் வலைவழங்கியை இயக்கியபொழுது, அது நெக்ஸ்ட் என்னும் பெயருடைய மேசைக் கணிப்பொறி ஒன்றிலேதான் ஓடியது. இப்பொறி ஒரு வழங்கியாதலின் இதனை யாரும் நிறுத்தற்க என்னும் கருத்துப்பட எழுதிய சீட்டொன்று அப்பொறியின்மேல் ஒட்டப்பட்டிருந்தது. இன்று உலகத்தைச் சூழ்ந்து நிற்கும் பெருவலையின் தொடக்கம் இத்துணைச் சிறியதே என்பதை மாணாக்கர் மறத்தலாகாது.

கேட்டலும் விடை கூறலும் எச்.டி.டி.பி. எனப்படும் நெறிமுறைப்படி நிகழ்கின்றன. கேட்போன் தனக்கு வேண்டும் பொருளின் முகவரியைக் கூறி ஓர் ஏவலை விடுக்கின்றான். வழங்கி முதலில் ஒரு மூன்றிலக்க எண்ணையும், பின்னர்ச் சில தலைப்பு வரிகளையும், அவற்றின்பின் ஒரு வெற்றுவரியையும், இறுதியிற் கேட்ட பொருளையும் தருகின்றது. எண் 200 ஆயின், ‘கேட்டது இதோ’ என்பது பொருள். 404 ஆயின், ‘நீ கேட்டது ஈண்டில்லை’. 429 ஆயின், ‘மிகையாகக் கேட்கின்றாய், சற்றே பொறு’. 500 ஆயின், ‘என்னிடத்தே பிழை நேர்ந்தது’. 503 ஆயின், ‘இப்பொழுது என்னால் இயலாது’. இத்துணை எளிய உரையாடலை ஒரு மாணாக்கர் தாமே எழுதிப் பார்த்தல் அரிதன்று.

இனி, அதனைக் கட்டளைத்திரையிலிருந்து இயக்கும் வகையைக் கூறுவோம். கன்சோல் நிரல் எனப்படுவது பொத்தான்களும் படங்களும் இன்றிக் கரிய திரையில் எழுத்தால் ஏவி எழுத்தால் விடைபெறும் நிரல். அதனுள் வழங்கியை அமைத்தற்கு நான்கு படிகள் உள. முதலாவது, போர்ட் எனப்படும் வாயில் எண்ணைத் தெரிந்துகொள்ளுதல். வலைக்குரிய வழக்கமான எண் 80. எனினும் லினக்ஸ் முதலிய அமைப்புக்களில் 1024-க்குக் கீழ்ப்பட்ட எண்களைப் பயன்படுத்தத் தனியுரிமை வேண்டுமாதலின், 8080 போன்றதோர் எண்ணைக் கொள்ளுதல் நலம். இரண்டாவது, 127.0.0.1 என்னும் முகவரியிற் காத்திருக்கச் செய்தல். இது கணிப்பொறி தன்னைத்தானே சுட்டும் முகவரி; இதற்கு விடுத்த செய்தி அப்பொறியை விட்டு வெளியே செல்வதில்லை. கம்பியும் வேண்டா, கோபுரமும் வேண்டா, கட்டணமும் வேண்டா. மூன்றாவது, இன்ன கேள்விக்கு இன்ன விடை என ஒரு பட்டியல் வகுத்தல். நான்காவது, வந்த கேள்வி ஒவ்வொன்றையும் திரையில் ஒரு வரியாக எழுதிக் காட்டிக்கொண்டே மீண்டும் மீண்டும் காத்திருக்கச் செய்தல்.

ஈண்டுத் தொடக்க மாணாக்கர் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. கன்சோல் நிரலின் முதன்மை நடை முடிந்த அக்கணமே நிரல் முழுதும் முடிந்துபோம். அதனோடு வழங்கியும் மாயும். வழங்கியை எழுப்பினோமே, எங்கே போயிற்று என அவர் திகைப்பர். மாறாக, முதன்மை நடையையே காத்திருக்கும் வேலையில் அமர்த்திவிடின், நிறுத்தும்படி நாம் தட்டும் விசையை அஃது அறியாது. ஆகலின், காத்திருக்கும் பணியைத் தனி இழையில் விடுத்து, முதன்மை நடையை ஒரு விசையழுத்தத்தை எதிர்நோக்கி நிற்கச் செய்தலே முறை. சி ஷார்ப் மொழியில் எச்.டி.டி.பி. லிசனர் என்னும் வகுப்பைக் கொண்டு இதனைச் சில பத்து வரிகளில் எழுதி முடிக்கலாம். பைத்தான் மொழியிலோ, ஒரு கோப்புறையில் உள்ளவற்றை வழங்கும் எளிய வழங்கியை ஒற்றைக் கட்டளையாலேயே எழுப்பலாம். விடைகளை நம் விருப்பப்படி மாற்றச் சிறிதளவு எழுதினாற் போதும்.

இத்தகைய மாதிரி வழங்கியால் ஆகும் பயன் யாதெனின், அது மூவகைப்படும்.

முதற்பயன், பிறர்க்கு இடர் விளையாமை. ஒரு செயலியை எழுதும் மாணாக்கர் அதனை நூறு முறை ஓட்டிப் பார்த்தன்றி நிறைவுறார். ஒவ்வொரு முறையும் அது மெய்யான வழங்கியைச் சென்று தட்டுமாயின், அவ்வழங்கியின் முன்னர் வரிசையில் நிற்கும் மெய்யான மக்களுக்கு அஃது இடையூறாகும். 2021-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை நினைவு கூர்வோம். கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், 18 வயது நிரம்பியோர்க்குத் தடுப்பூசி முன்பதிவு அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் கோவின் தளத்தில் திறக்கப்பட்டபொழுது, மக்கள் ஒருங்கே திரண்டமையால் தளம் சிறிது நேரம் தடுமாறிற்று. அந்நாட்களில் இளைஞர் பலர், எந்த ஊரில் ஊசி கிடைக்கும் என்பதை நொடிதோறும் வினவும் நிரல்களை எழுதி ஓட்டினர். அவர் நோக்கம் நல்லதே. எனினும், ஒரு முகவரியிலிருந்து 5 நிமிடத்திற்கு 100 கேள்விகளுக்கு மேற்படலாகாது எனக் கோவின் வரையறுத்தது. பொதுவிற் கேட்பார்க்கு அரைமணி நேரம் வரை பழைய தகவலே கிடைக்கலாம் என்றும் அறிவித்தது. ஒரு நிரலைத் திருத்தித் திருத்திப் பழகுதற்குரிய இடம் அன்று அத்தளம் அன்று. அதன் விடைகளைப் போன்ற விடைகளைத் தரும் மாதிரி வழங்கியைத் தம் பொறியிலேயே எழுப்பிப் பழகி, நிரல் செவ்விதின் அமைந்தபின் ஒருமுறை மெய்த் தளத்தை நாடியிருப்பின், பழகுவோர்க்கும் குறைவில்லை. ஊசிக்குக் காத்திருந்தார்க்கும் இடரில்லை.

அரசே இந்நெறியைக் கைக்கொண்டமையும் அறியத்தக்கது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரி உட்பட ஆறு ஒன்றியப் பகுதிகளில் தொடங்கப்பெற்ற தேசிய எண்ணியல் சுகாதாரத் திட்டத்தில், மருத்துவமனைகளுக்கு நிரல் எழுதுவோர் மெய்யான நோயாளரின் ஏடுகளைத் தொடுமுன் பழகிப் பார்த்தற்கெனத் தனியே ஒரு சோதனைக்களம் வகுக்கப்பட்டது. பெருந்திட்டத்திற்கு ஒத்த இந்நெறி ஒரு மாணாக்கரின் சிறுநிரலுக்கும் ஒக்கும்.

இரண்டாம் பயன், வறியார்க்கும் சேய்மையிலுள்ளார்க்கும் கல்வி எளிதாதல். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் மேற்கே கல்வராயன் மலை நிற்கின்றது. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலையை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் சாலையிற் செல்வார், தம் கைப்பேசியின் அலைக்கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைதலைக் காண்பர். வானொலி அலை மலைமுகட்டை ஊடுருவிச் செல்லாது. கோபுரத்திற்கு எதிரே உள்ள சரிவில் அலை நிறைந்திருப்பினும், மறுபுறத்து மடிப்பில் அது மெலிந்தோ அற்றோ போதல் இயற்கை. மலையாளி என வழங்கும் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் இத்தகைய மடிப்புக்களிலேயே சிதறிக் கிடக்கின்றன. அவ்வூர்களினின்று இறங்கிவந்து விடுதியில் தங்கிக் கணிப்பொறியியல் பயிலும் மாணாக்கர், விடுமுறைக்கு வீடு திரும்பியவுடன் தம் படிப்பை மூடிவைக்க நேரிடின் அஃது எத்துணைக் குறை! வலை இருந்தாலன்றி வலைநிரல் பயில இயலாது என்னும் எண்ணமே அக்குறைக்குக் காரணம். அவ்வெண்ணம் பிழை. கேட்கும் நிரலும் விடை கூறும் நிரலும் ஒரே மடிக்கணினியில் ஓடுமாயின், சாமைக் கொல்லையின் ஓரத்திலிருந்தும் அவர் வலைநிரல் பயிலலாம். கையிற் பழைய கணினி ஒன்றும் அதற்குரிய மின்னூட்டமும் இருத்தலே வேண்டுவது.

மூன்றாம் பயனே தலையாயது. மாதிரி வழங்கியைச் சரியான விடை தரும்வண்ணம் மட்டும் அமைத்து, தம் நிரல் நன்கு ஓடுகின்றது என மகிழ்வார் பலர். அவர் அக்கருவியின் பாதியையே அறிந்தவர். மெய்யான வழங்கியை நோக்கி, ‘என் பொருட்டு ஒருமுறை கெட்டுக் காட்டு’ என நாம் ஏவ இயலாது. நம் கையால் எழுப்பிய வழங்கியை அங்ஙனம் ஏவலாம். 503 என்னும் விடையைத் தருமாறு பணிக்கலாம். 30 நொடி வாய் திறவாது நின்று பின்னர் விடை தருமாறு பணிக்கலாம். பாதி விடை தந்து இணைப்பைத் துண்டிக்குமாறும் பணிக்கலாம். கெடுதியை வேண்டியபொழுது வேண்டியவாறு வருவித்துப் பழகும் இவ்வாய்ப்பே மாதிரி வழங்கியின் உயிர்நிலை என்பது நம் துணிபு.

இஃது எத்துணை முதன்மையானது என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு முதல் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பெற்றன. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் மாநிலம் நாடளாவிய ஒரே குடும்ப அட்டைத் திட்டத்திற் சேர்ந்தபின், நியாய விலைக் கடைகளிற் கைரேகை வைத்துப் பொருள் பெறும் முறை பரவியது. மலையூர் ஒன்றில் ஒரு மூதாட்டி கடைக்கு வந்து பொறியில் விரல் வைக்கின்றார் எனக் கொள்வோம். கேள்வி மலையிறங்கிச் சென்று வழங்கியை அடைகின்றது. வழங்கி அவர் கணக்கில் அரிசியைக் கழித்துக்கொண்டு விடையை அனுப்புகின்றது. அவ்விடை திரும்பும் வழியில் அலை அறுபடுகின்றது. கடைக்காரர் கண்டது யாது? விடை வரவில்லை என்பது ஒன்றே. இனி அவர் என் செய்வார்? மீண்டும் ஒருமுறை அழுத்தினால், நிரல் தக்கவாறு எழுதப்படாதவிடத்து, கணக்கில் இருமுறை கழிவு ஏறலாம். அழுத்தாது விடின், அரிசி பெறாமலே பெற்றதாகக் கணக்கு நிற்க, மூதாட்டி வெறும்பையோடு மலைப்பாதையில் திரும்பல் வேண்டும்.

விடை வாராமையும் வினை நிகழாமையும் ஒன்றல்ல. இவ்வுண்மையை அறியாது எழுதிய நிரல் நகரத்தில் நன்றாகவே ஓடும், மலையிலேதான் கெடும். இதற்குரிய மாற்று நிரலாளர் அறிந்ததே. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தனி அடையாள எண் இடல் வேண்டும். அதே எண்ணோடு கேள்வி மறுமுறை வரின், வழங்கி வினையை மீண்டும் செய்யாது, முன்னைய விடையையே திரும்பக் கூறல் வேண்டும். ஆயினும், மாற்று உண்டு என அறிதல் ஒன்று. தம் நிரலில் அது பிழையின்றி வேலை செய்கின்றது எனக் கண்டு தெளிதல் வேறொன்று. வினையை முடித்துக்கொண்டு விடையை மட்டும் விழுங்கிவிடும் மாதிரி வழங்கியை எழுப்பிப் பார்த்தாலன்றி அத்தெளிவு பிறவாது. சென்னையிலோ பெங்களூரிலோ விரைந்த இணைப்பின் நடுவே அமர்ந்து எழுதும் ஒருவர் கல்வராயன் மலையின் அலைத்தடையைத் தம் வாழ்நாளிற் காணாதவராயிருக்கலாம். ஆயினும், அம்மலையை ஒத்த வழங்கியைத் தம் மேசைமீதே எழுப்பிக்கொள்ளல் அவர்க்கு இயலும். இயல்வதைச் செய்யாது நிரலை மலைக்கு அனுப்புதல், ஆழம் பாராது பரிசலைப் பிறர்க்கு ஈதலை ஒக்கும். கெட்டபின் இடர்ப்படுவார் எழுதியவர் அல்லர், கடைமுன் நிற்பவரே.

இனி, இதற்கு மாறாக எழும் தடைகளை நோக்குவோம். ‘ஆயத்தமான கருவிகள் பல உளவாக, மாணாக்கர் தாமே வழங்கி எழுதுதல் வீண் உழைப்பன்றோ?’ எனச் சிலர் வினவுவர். கருவிகள் உள என்பது உண்மை. 2011-ஆம் ஆண்டில் தோன்றிய வயர்மாக் அவற்றுள் ஒன்று. 2014-ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பெற்று உலகெங்கும் பரவிய போஸ்ட்மேன் மற்றொன்று. தொழில் புரியுங்கால் அவற்றைக் கையாளுதல் தக்கதே. கல்லூரியிற் பயிலுங்காலமோ வேறு. கடைச்சரக்கைக் கொண்டே மருந்து கட்டுவான், மலையேறிப் பச்சிலையைப் பறித்து முகர்ந்து அறியான். சரக்கில் கலப்பு நேரின் அவனுக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. வழங்கியைத் தம் கையால் ஒருமுறையேனும் எழுதியவர், 200-க்கும் வெற்றுவரிக்கும் உள்ள இடத்தை அறிவர். காத்திருத்தல் என்பதன் பொருளை அறிவர். அவர்க்கு எந்த ஆயத்தக் கருவியும் பின்னர் எளிதாம்.

மற்றொரு தடை வலியது. ‘மாதிரியோ பொய், பொய்யோடு பழகியவர் மெய்யைக் கண்டு மயங்குவர்’ என்பது அது. இதனை நாம் எளிதில் தள்ளுதற்கில்லை. தோற்கன்று வளர்வதில்லை, உயிருள்ள கன்றுக்கோ கொம்பு முளைக்கும். மெய்யான வழங்கி தன் விடையின் அமைப்பை இவ்வாண்டு மாற்றியிருக்க, சென்ற ஆண்டு எழுதிய மாதிரி பழைய விடையையே கூறிக்கொண்டிருக்குமாயின், சோதனைகள் யாவும் வென்றதாகக் காட்டி, நிரல் அரங்கேறிய அன்றே வீழும். இக்குறைக்குப் பரிகாரம் மாதிரியை விலக்குதல் அன்று; அதனை ஒழுங்கில் வைத்தல்.

ஒழுங்கில் வைத்தல் எங்ஙனம் என்பதற்கு நம் நாட்டுத் தேர்தல் முறையே நல்லாசான். வாக்குப்பதிவு தொடங்குமுன், வேட்பாளரின் முகவர்கள் காண, 50 வாக்குக்குக் குறையாத மாதிரி வாக்குப்பதிவு ஒவ்வொரு சாவடியிலும் நடத்தப்பெறுகின்றது. எண்ணிக்கை சரி எனக் காட்டியபின், அவ்வாக்குக்களைப் பொறியினின்று அழித்து, மாதிரிச் சீட்டுக்களைக் கறுப்பு உறையில் இட்டு முத்திரையிடுகின்றனர். அதன்பின்னரே மெய்யான வாக்கு. அழிக்க மறந்தால் யாது நேரும் என்பதை 2019-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் காட்டிற்று. கேரளத்தின் களமசேரியில் ஒரு சாவடியில் மாதிரி வாக்குக்கள் அழிக்கப்படாது மெய் வாக்குக்களோடு கலந்தமையால், அங்கு மறுவாக்குப்பதிவே நடத்த நேர்ந்தது. மாதிரி தீதன்று; மாதிரியும் மெய்யும் கலத்தலே தீது.

ஆதலின், மாதிரி வழங்கியை எழுப்புவார் நான்கு நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். மாதிரி விடைகளை மெய்யான வழங்கியிடம் எந்நாளிற் கண்டு எழுதினோம் எனக் குறித்துவைத்து, குறித்த காலந்தோறும் ஒப்புநோக்குதல் ஒன்று. மாதிரி விடைகளில் மெய்யான மனிதரின் பெயரையும், அட்டை எண்ணையும், தொலைபேசி எண்ணையும் ஒருபோதும் இடாமை இரண்டு. சோதனைக் கோப்பு கைமாறிச் செல்லும் இயல்பினதாதலின், அதனுட் புகுந்த மறைபொருள் மறைபொருளாக நில்லாது. 127.0.0.1 என்னும் முகவரியில் அன்றிப் பிறர் அணுகத்தக்க முகவரியில் அதனைத் திறந்துவையாமை மூன்று. நிரலை மக்களிடம் ஒப்படைக்குமுன், மாதிரியின் முகவரி எங்கேனும் ஒளிந்து கிடக்கின்றதா எனத் தேடி நீக்குதல் நான்கு. கறுப்பு உறையும் முத்திரையும் தேர்தலுக்கு எவ்வாறோ, இந்நான்கும் நிரலாளர்க்கு அவ்வாறே.

முடிவாக, கல்லூரிகள் செய்யத்தக்கது ஒன்றைக் கூறி அமைவோம். கணிப்பொறி ஆய்வுக்கூடங்களில், வலைநிரல் பாடத்தின் தொடக்கத்திலேயே, இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மாணாக்கரும் கன்சோல் நிரலாக ஒரு வழங்கியை எழுதுமாறு பணித்தல் வேண்டும். பின்னர் இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் எழுதிய வழங்கியை மற்றொருவர் நிரலுக்கு எதிரே நிறுத்தி, இயன்ற வகையெல்லாம் அதனைக் கெடுத்துப் பார்க்கச் செய்தல் வேண்டும். தாழ்த்து வரும் விடையையும், அறுந்து வரும் விடையையும், வாராத விடையையும் தாங்கி நிற்கும் நிரலுக்கே முதன்மை மதிப்பெண் அளித்தல் வேண்டும். இதற்குப் புதிய கட்டடமும் பெரும்பொருளும் வேண்டா. உள்ள கணிப்பொறிகளும் ஆசிரியரின் விருப்பமுமே போதும்.

மாணவ நண்பர்களே! நாளை நீவிர் எழுதும் நிரல் எவ்வூர்க் கடையில், எம்மருத்துவமனையில், எம்மலைச்சரிவில் ஓடுமென்று நீவிர் அறியீர். ஆங்கு நிற்பார் தமக்கு நேர்ந்த இடருக்குக் காரணம் இன்னது என உமக்கு எழுதித் தெரிவிக்கவும் மாட்டார். ஆகலின், அவர்க்கு நேரக்கூடிய இடரை இன்றே உம் கரிய திரையில் நீவிரே வருவித்துப் பார்த்து, அதற்கு மாற்றும் கண்டு வைப்பீராக.